எரிபொருள் எக்கி ரிலே

எரிபொருள் எக்கி ரிலே என்பது தானுந்து முதலிய ஊர்திகளில் எரிபொருள் எக்கிக்குச் செல்லும் மின்னோட்டத்தை இணைக்கவும் துண்டிக்கவும் பயன்படும் மின்காந்த ஆளி ஆகும். எக்கி என்பது பம்பையும், ஆளி என்பது சுவிட்சையும் குறிக்கும். மெக்கானிக்குகளின் பேச்சு வழக்கில் இது "பம்பு ரிலே" எனப்படுகின்றது. பெரும்பாலான ஊர்திகளில் இது ஏறத்தாழ 2.5 செ.மீ. பக்க அளவுள்ள, பிளாஸ்டிக் உறையிட்ட சிறு கனசதுரமாக இருக்கும்.

இது விலை குறைந்த சிறிய உறுப்பே எனினும், பழுதடைந்தால் பெட்ரோல் பொறி முற்றிலும் நின்றுவிடும். ரிலேயைச் சோதிக்காமல் விலை மிகுந்த எரிபொருள் எக்கியை மாற்றிவிடுவது பரவலாக நிகழும் தவறாகும். பல ஊர்திகளில் எக்கி எரிபொருள் தொட்டிக்குள்ளேயே இருப்பதால், அதை மாற்றுவதற்குப் பின்னிருக்கையையோ தொட்டியையோ கழற்ற வேண்டியிருக்கும். ரிலேயைச் சோதிப்பதற்குச் சில நிமிடங்களே போதும். ஆனால் அது எங்கே பொருத்தப்பட்டுள்ளது என்பதைக் கண்டறிவதே கடினம். அதன் இடம் நிறுவனத்துக்கு நிறுவனம், வகைக்கு வகை, சில வேளைகளில் ஒரே வகையில் ஆண்டுக்கு ஆண்டு மாறுபடுகின்றது. அதன் மின்சுற்று மட்டும் பெரும்பாலும் ஒரே அமைப்பிலேயே உள்ளது. எனவே இடத்தை மனப்பாடம் செய்வதைக் காட்டிலும், மின்சுற்றை அறிந்து அதன்வழி ரிலேயைத் தேடுவதே நம்பத்தக்க முறையாகும்.

ரிலேயின் தேவை

கார்புரேட்டர் பொருத்திய பழைய ஊர்திகள் பெரும்பாலானவற்றில் எரிபொருள் எக்கி பொறியின் நெம்புருள் தண்டினால் இயக்கப்படும் இயந்திர எக்கியாக இருந்தது. இந்தியாவில் பரவலாக ஓடிய கார்புரேட்டர் வகை மாருதி 800 இதற்கு ஓர் எடுத்துக்காட்டாகும். இவ்வகையில் பொறி நின்றால் எக்கியும் தானாகவே நின்றுவிடும்.

எரிபொருள் உட்செலுத்தல் முறையில் எரிபொருளுக்கு மிகுந்த அழுத்தம் தேவைப்படுகின்றது. உள்ளெடுப்புக் குழாயில் எரிபொருளைத் தெளிக்கும் வகைகளில் இது பொதுவாக 2.5 முதல் 4 பார் வரை இருக்கும். இதற்காக மின்சார எக்கி பயன்படுத்தப்படுகின்றது. ஆனால் மின்சார எக்கிக்குப் பொறி ஓடுகிறதா நின்றுவிட்டதா என்பது தெரியாது. மின்சாரம் கிடைக்கும் வரை அது எரிபொருளைத் தள்ளிக்கொண்டே இருக்கும். விபத்தில் எரிபொருள் குழாய் உடைந்து, சாவி திருப்பிய நிலையிலேயே இருந்தால், எக்கி பெட்ரோலைச் சூடான பொறியின் மீது பீய்ச்சக்கூடும். எக்கியைச் சாவி ஆளியுடன் நேரடியாக இணைக்காமல், இடையில் ஒரு ரிலேயை வைத்து, பொறி ஓடும்போது மட்டும் அதை மூடச் செய்வதற்கு முதன்மையான காரணம் இதுவே.

மற்றொரு காரணம் மின்னோட்டத்தின் அளவு ஆகும். எக்கி பல ஆம்பியர் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளும். அவ்வளவு மின்னோட்டத்தைச் சாவி ஆளியின் மெல்லிய தொடுமுனைகள் வழியாகவோ, பொறிக் கட்டுப்பாட்டு அலகின் சிறிய திரிதடையங்கள் வழியாகவோ செலுத்துவது பொருத்தமன்று. ரிலேயைப் பயன்படுத்தினால் சிறிய மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த இயலும்.

வரலாறு

சிறிய மின்னோட்டத்தால் மற்றொரு மின்சுற்றைத் திறந்து மூடும் கருத்து தந்தித் தொழில்நுட்பத்துடன் தோன்றியது. அமெரிக்க அறிவியலாளர் ஜோசப் ஹென்றி 1835 ஆம் ஆண்டு இத்தகைய கருவியை அமைத்ததாகக் கூறப்படுகின்றது.

ஊர்திகளில் எரிபொருள் எக்கிக்கு ரிலே பரவலானது மின்னணு எரிபொருள் உட்செலுத்தலுடன் ஆகும். செருமனியின் போஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் முறை 1967 இல் ஃபோக்ஸ்வாகன் 1600 வகையில் அறிமுகமானது. 1970களில் வந்த எல்-ஜெட்ரானிக் முறையில், உள்ளே செல்லும் காற்றை அளக்கும் மடல் அசைந்தால் மட்டுமே எக்கி ஓடும் வண்ணம் ஒரு தொடுமுனை வைக்கப்பட்டது. பொறி நின்றால் காற்று நிற்கும். காற்று நின்றால் மடல் மூடும். மடல் மூடினால் ரிலே திறந்து எக்கி நிற்கும். பின்னர் இப்பணியைப் பொறிக் கட்டுப்பாட்டு அலகு ஏற்றுக்கொண்டது.

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 நெறிமுறை நடைமுறைக்கு வந்ததைத் தொடர்ந்து, இருசக்கர ஊர்திகளிலும் எரிபொருள் உட்செலுத்தலும் மின்சார எக்கியும் பரவலாயின.

அமைப்பு

ரிலேயின் உள்ளே இரண்டு தனித்தனி மின்சுற்றுகள் உள்ளன.

1. கட்டுப்பாட்டுச் சுற்று: மெல்லிய செப்புக் கம்பி சுற்றப்பட்ட காந்தச் சுருள்.
2. திறன் சுற்று: அக்காந்தத்தால் இழுக்கப்பட்டு ஒன்றோடொன்று சேரும் தொடுமுனைகள்.

12 வோல்ட்டு ரிலேயின் காந்தச் சுருள் பொதுவாக 50 முதல் 120 ஓம் வரை மின்தடை கொண்டதாக இருக்கும். 80 ஓம் எனக் கொண்டால், சுருள் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் 12 ÷ 80 = 0.15 ஆம்பியர் மட்டுமே. தொடுமுனைகளோ 30 ஆம்பியர் அளவு வரை தாங்கும்படி செய்யப்படுகின்றன.

முனைகளின் எண்கள்

செருமானிய தர நிர்ணயமான டின் 72552 ஊர்தி மின்முனைகளுக்கு எண்களை வரையறுக்கின்றது. பல நாட்டு ரிலேகளின் அடிப்பகுதியில் இவ்வெண்களைக் காணலாம்.

- 30: மின்கலத்தின் நேர்முனையிலிருந்து வரும் மின்சாரம்
- 87: எக்கிக்குச் செல்லும் மின்சாரம்
- 86: காந்தச் சுருளின் நேர்முனை
- 85: காந்தச் சுருளின் எதிர்முனை
- 87ஏ: ரிலே இயங்காத நிலையில் 30 உடன் இணைந்திருக்கும் முனை. எக்கி ரிலேகளில் இது பொதுவாகப் பயன்படுத்தப்படுவதில்லை

சப்பானிய ஊர்திகளில் வேறு எண்கள் காணப்படும். டொயோட்டா ரிலேகளில் 1, 2 ஆகியன காந்தச் சுருளையும், 3, 5 ஆகியன தொடுமுனைகளையும் குறிக்கின்றன. எண்கள் வேறுபட்டாலும் பணி ஒன்றே.

சில ரிலேகளின் உள்ளே சுருளுக்கு இணையாக ஓர் இருமுனையம் பொருத்தப்பட்டிருக்கும். அத்தகைய ரிலேயில் 85, 86 ஆகிய முனைகளை மாற்றி இணைத்தால் அது பழுதாகும். இதன் குறியீடு பெரும்பாலும் ரிலேயின் உறை மீது அச்சிட்ட வரைபடத்தில் இருக்கும்.

இயங்கும் முறை

1. சாவியை "ஆன்" நிலைக்குத் திருப்பியவுடன் 86 ஆம் முனைக்கு மின்சாரம் வருகின்றது.
2. பொறிக் கட்டுப்பாட்டு அலகு 85 ஆம் முனையைப் புவியிணைப்புச் செய்கின்றது. ரிலே "கிளிக்" என்ற ஒலியுடன் மூடி, எக்கி ஓடத் தொடங்கும்.
3. ஏறத்தாழ 2 நொடிகளுக்குள் பொறி சுழல்வதற்கான குறிப்பு கிடைக்காவிடில், கட்டுப்பாட்டு அலகு புவியிணைப்பைத் துண்டித்துவிடும். எக்கி நிற்கும்.
4. ஸ்டார்ட்டர் மோட்டார் பொறியைச் சுழற்றத் தொடங்கியதும், கிராங்க் தண்டு உணரியின் குறிப்பைக் கண்டு, கட்டுப்பாட்டு அலகு ரிலேயை மீண்டும் மூடும்.
5. பொறி எக்காரணத்தாலாவது நின்றால், குறிப்பு நின்று, ரிலே திறந்துவிடும்.

மேற்கண்ட 2 நொடி இயக்கம், குழாயில் அழுத்தத்தை ஏற்படுத்துவதற்காகச் செய்யப்படுவது. ரிலேயைக் கண்டறிவதற்கு இதுவே மிகவும் பயனுள்ள அடையாளமும் ஆகும்.

எல்லா ஊர்திகளும் இவ்வாறே இயங்குவதில்லை. காற்றளவி மடலால் கட்டுப்படுத்தப்படும் பழைய முறைகளில் சாவியைத் திருப்பினால் மட்டும் எக்கி ஓடாது. பொறியைச் சுழற்றினால்தான் ஓடும். புதிய ஊர்திகள் சிலவற்றில் ஓட்டுநர் கதவைத் திறந்தவுடனேயே எக்கி சிறிது நேரம் ஓடும்.

1980கள், 1990களின் ஜெனரல் மோட்டார்ஸ் ஊர்திகள் பலவற்றில் ரிலேக்கு இணையாக எண்ணெய் அழுத்த ஆளி ஒன்றும் இருந்தது. எண்ணெய் அழுத்தம் ஏறத்தாழ 4 பி.எஸ்.ஐ. அளவை எட்டியதும் அது எக்கிக்கு மின்சாரம் தரும். இவ்வூர்திகளில் ரிலே பழுதானாலும், பொறியை நெடுநேரம் சுழற்றினால் ஊர்தி கிளம்பிவிடும். எனவே கிளம்ப நீண்ட நேரம் எடுத்தல் ரிலே பழுதின் அறிகுறியாகக் கொள்ளப்பட்டது.

பழுதின் அறிகுறிகள்

- ஸ்டார்ட்டர் மோட்டார் நன்கு சுழன்றும் பொறி கிளம்பாமை
- சாவியைத் திருப்பும்போது எக்கியின் மெல்லிய இரைச்சல் கேட்காமை
- ஓடிக்கொண்டிருக்கும் பொறி முன்னறிவிப்பின்றி நின்று, சிறிது நேரத்துக்குப் பின் மீண்டும் கிளம்புதல்
- வெயிலில் நிறுத்திய ஊர்தி கிளம்பாமலும், குளிர்ந்தபின் கிளம்பியும் இருத்தல்
- சாவியை எடுத்த பின்னும் எக்கி ஓடிக்கொண்டிருத்தல். தொடுமுனைகள் தீப்பொறியால் உருகி ஒட்டிக்கொள்வதால் இது நிகழ்கின்றது. மின்கலம் வற்றிப்போகும்

எக்கியே தேய்ந்திருந்தால் அறிகுறிகள் பெரும்பாலும் வேறாக இருக்கும். இரைச்சல் மிகுதல், மேட்டில் ஏறும்போது இழுவை குறைதல், விரைவு கூட்டும்போது பொறி திணறல் ஆகியன எக்கி அல்லது எரிபொருள் வடிகட்டியின் குறையைக் காட்டுவன. ரிலே பழுதில் இத்தகைய படிப்படியான தளர்ச்சி பொதுவாகக் காணப்படுவதில்லை.

பெயர் வேறுபாடுகள்

ரிலேயைத் தேடுவோர் பலர் அதைக் காணாமைக்குக் காரணம், பெட்டியின் மூடியில் அது வேறு பெயரால் குறிக்கப்பட்டிருப்பதே.

- டொயோட்டா: "சர்க்யூட் ஓப்பனிங் ரிலே". மூடியில் "சி/ஓ.பி.என்." எனச் சுருக்கமாக இருக்கும். அருகிலுள்ள "ஈ.எஃப்.ஐ." ரிலே இதனின்று வேறானது. அது கட்டுப்பாட்டு அலகுக்கு மின்சாரம் தருவது.
- ஹோண்டா: 1980கள், 1990களின் சிவிக், அக்கார்டு முதலியவற்றில் "பி.ஜி.எம்-எஃப்.ஐ. முதன்மை ரிலே". ஒரே உறைக்குள் இரண்டு ரிலேகள் உள்ளன. ஒன்று கட்டுப்பாட்டு அலகுக்கும் உட்செலுத்திகளுக்கும், மற்றொன்று எக்கிக்கும் மின்சாரம் தரும்.
- ஃபோக்ஸ்வாகன்: பெயருக்குப் பதிலாக ரிலேயின் தலையில் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். மூன்றாம் தலைமுறை கோல்ஃப் பெட்ரோல் வகைகளில் 167 என்ற எண் எக்கி ரிலேயைக் குறிக்கும்.

பொருத்தப்படும் இடங்கள்

பொதுவாக ஐந்து இடங்களில் இந்த ரிலேயைத் தேடலாம்.

1. பானெட்டுக்கு அடியில் உள்ள உருகி மற்றும் ரிலே பெட்டி. ஃபியூஸ் எனப்படும் உருகிகளுடன் ரிலேகளும் ஒரே பெட்டியில் இருக்கும். 1990களுக்குப் பிந்தைய ஊர்திகள் பலவற்றில் இதுவே முதலில் பார்க்க வேண்டிய இடம்.
2. ஓட்டுநர் பக்க டாஷ்போர்டின் அடிப்பகுதி. மேற்கூறிய ஹோண்டா முதன்மை ரிலே பெரும்பாலும் டாஷ்போர்டின் அடியில் தனியாகப் பொருத்தப்பட்டிருக்கும்.
3. கிளவ் பாக்ஸின் பின்புறம் அல்லது முன்பயணி கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டுத் தகட்டின் உட்புறம். பி.எம்.டபிள்யூ. ஈ46 வகையில் கிளவ் பாக்ஸின் பின்னால் உள்ளது.
4. இருக்கையின் அடிப்பகுதி.
5. டிக்கி அல்லது பின்னிருக்கைக்கு அருகில், எரிபொருள் தொட்டியை ஒட்டிய பகுதி.

இவற்றில் அடங்காத இடங்களும் உண்டு. 1980களின் மெர்சிடீஸ் டபிள்யூ124 பெட்ரோல் வகைகளில் இது பொறி அறையின் பின்புறத்தில், மின்கலத்துக்குப் பின்னால் உள்ள மூடிக்குள் வைக்கப்பட்டது.

ஒரே வகையில் இடம் மாறியதற்கு ஃபோர்டு மஸ்டாங் 5.0 நல்ல எடுத்துக்காட்டு. 1991 மற்றும் அதற்கு முந்தைய உட்செலுத்தல் வகைகளில் ரிலே ஓட்டுநர் இருக்கையின் அடியில் இருந்தது. 1992, 1993 வகைகளில் அது பொறி அறையில், காற்றுத் திணிவு அளவியின் அடிப்பகுதிக்கு மாற்றப்பட்டது. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் தோன்றும் இரு ஊர்திகளில், ஒன்றுக்குரிய குறிப்பைக் கொண்டு மற்றொன்றில் தேடினால் ரிலே கிடைக்காது. எனவே ஊர்தியின் வகையுடன் அதன் தயாரிப்பு ஆண்டையும் பொறியின் வகையையும் அறிந்துகொள்வது இன்றியமையாதது.

இடம், வலம் பற்றிய குழப்பம்

பழுதுபார்ப்பு நூல்களில் "இடப்பக்கம்", "வலப்பக்கம்" என்பன ஊர்தியின் இருக்கையில் முன்னோக்கி அமர்ந்திருப்பவரின் இடம், வலம் ஆகும். பானெட்டைத் திறந்து ஊர்தியின் முன்னால் நிற்பவருக்கு இவை தலைகீழாகத் தோன்றும்.

ஐக்கிய அமெரிக்காவில் வெளியான நூல்களில் "ஓட்டுநர் பக்கம்" என்பது இடப்பக்கமாகும். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் அது வலப்பக்கமாகும். வலப்பக்கச் சுக்கான் வகையை உருவாக்கும்போது சில நிறுவனங்கள் ரிலேயையும் எதிர்ப்பக்கத்துக்கு மாற்றுகின்றன. சில நிறுவனங்கள் அதைப் பழைய இடத்திலேயே விட்டுவிடுகின்றன. ஆகவே இந்நாடுகளில் அமெரிக்க நூலைப் பயன்படுத்துவோர் டாஷ்போர்டின் இரு பக்கங்களிலும் தேடுதல் நலம்.

கண்டறியும் முறை

எளிதானதிலிருந்து கடினமானதற்குச் செல்லும் வரிசையில் பின்வரும் படிகள் தரப்படுகின்றன.

1. உரிமையாளர் கையேடு: உருகிகளைப் பற்றிய பகுதியில் பெட்டிகளின் வரைபடம் இருக்கும். ஊர்தியில் ஒன்றுக்கு மேற்பட்ட பெட்டிகள் இருக்கலாம் என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

2. பெட்டி மூடியின் உட்புறம்: இங்கு அச்சிட்ட படத்தில் ஒவ்வோர் உருகி, ரிலேயின் பெயரும் இருக்கும். மூடி வேறு ஊர்தியிலிருந்து மாற்றிப் பொருத்தப்பட்டதாக இருப்பின் படம் பொருந்தாது.

3. ஒலியாலும் தொடுதலாலும் அறிதல்: ஒருவர் சாவியை "ஆன்" நிலைக்குத் திருப்ப, மற்றொருவர் ஒவ்வொரு ரிலேயின் மீதும் விரலை வைத்து அதிர்வை உணரலாம். சாவியைத் திருப்பும்போது ஒன்றுக்கு மேற்பட்ட ரிலேகள் இயங்கும். அவற்றுள் முதன்மை ரிலே, சாவியை அணைக்கும் வரை மூடியே இருக்கும். எக்கி ரிலேயோ ஏறத்தாழ 2 நொடிகளுக்குப் பின் இரண்டாம் முறை "கிளிக்" என ஒலித்துத் திறக்கும். இவ்விரண்டாவது ஒலியே எக்கி ரிலேயை மற்றவற்றினின்று பிரித்துக் காட்டும்.

4. மின்சுற்று வரைபடம்: மேற்கண்டவை பயன்படாவிடில், எக்கிக்குச் செல்லும் கம்பியின் நிறத்தை வரைபடத்தில் கண்டு, அதே நிறக் கம்பி எந்த ரிலே அடித்தளத்தில் முடிகின்றது எனப் பார்க்க வேண்டும். எக்கிக் கம்பி 87 ஆம் முனையிலும், எக்கி உருகியிலிருந்து வரும் கம்பி 30 ஆம் முனையிலும், கட்டுப்பாட்டு அலகிலிருந்து வரும் கம்பி பெரும்பாலும் 85 ஆம் முனையிலும் சேரும். இம்மூன்றும் கூடும் இடமே தேடப்படும் ரிலே ஆகும்.

ரிலே செயலிழந்திருந்தால் மூன்றாம் முறை பயன்படாமல் போகலாம். அந்நிலையில் நான்காம் முறையே துணையாகும்.

டாஷ்போர்டின் அடியில் தேடும்போது மஞ்சள் நிற உறையிட்ட கம்பிகளையும் இணைப்பிகளையும் தொடலாகாது. அவை பெரும்பாலும் காற்றுப்பைகளுக்கு உரியவை.

சோதிக்கும் முறை

முதலில் எக்கியின் உருகியைப் பார்க்க வேண்டும். உருகி எரிந்திருந்தால், அதே ஆம்பியர் அளவுள்ள உருகியை மட்டுமே இட வேண்டும். புதிய உருகியும் உடனே எரிந்தால், குறை எக்கியிலோ கம்பியிலோ உள்ளது.

மாற்றிப் பார்த்தல்

அதே பெட்டியில் ஹாரன், குளிரூட்டி முதலியவற்றுக்கு அதே வகை ரிலே இருந்தால், இரண்டையும் இடம் மாற்றிப் பார்க்கலாம். ஊர்தி கிளம்பி, ஹாரன் ஒலிக்காமல் போனால் பழுது உறுதியாகின்றது. உருவம் ஒத்திருப்பது மட்டும் போதாது. உறையில் உள்ள பாக எண்ணும் முனைகளின் வரைபடமும் ஒத்திருக்க வேண்டும்.

மல்ட்டிமீட்டரால் அளத்தல்

ரிலேயைக் கழற்றி,

- 85, 86 முனைகளுக்கிடையே மின்தடை 50 முதல் 120 ஓம் அளவில் இருக்க வேண்டும். முடிவிலியைக் காட்டினால் சுருள் அறுந்துள்ளது.
- 30, 87 முனைகளுக்கிடையே இணைப்பு இருக்கக் கூடாது. இருந்தால் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டுள்ளன.
- 86 ஆம் முனைக்கு 12 வோல்ட்டும் 85 ஆம் முனைக்குப் புவியிணைப்பும் தந்தால், 30, 87 முனைகளுக்கிடையே மின்தடை ஏறத்தாழ சுழியாக வேண்டும்.

இம்மூன்றும் எளிய நான்குமுனை ரிலேகளுக்கு உரியவை. உள்ளே மின்னணுச் சுற்று கொண்ட ரிலேகளை இவ்வாறு சோதிக்க இயலாது.

"கிளிக்" என்ற ஒலி கேட்பதால் மட்டும் ரிலே நன்றாக உள்ளது எனக் கொள்ளலாகாது. கரிந்துபோன தொடுமுனைகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒலி எழுப்பினாலும், எக்கிக்குத் தேவையான மின்னோட்டத்தைக் கடத்தாமல் போகலாம்.

அடித்தளத்தைச் சோதித்தல்

ரிலேயைக் கழற்றிய நிலையில் அதன் அடித்தளத்தின் துளைகளை அளந்தால் குறை எங்குள்ளது என்பது தெளிவாகும்.

- 30 இல் மின்சாரம் இல்லை: உருகி, அல்லது அதற்கு மின்சாரம் தரும் முதன்மை ரிலே பழுது
- சாவி திருப்பியும் 86 இல் மின்சாரம் இல்லை: சாவி ஆளி அல்லது முதன்மை ரிலே பழுது
- பொறியைச் சுழற்றும்போது 85 இல் புவியிணைப்பு இல்லை: கிராங்க் தண்டு உணரி, திருட்டுத் தடுப்பு அமைப்பு, கட்டுப்பாட்டு அலகு ஆகியவற்றில் ஒன்று காரணம்
- மூன்றும் சரியாக இருந்தும் எக்கி ஓடவில்லை: 30, 87 துளைகளை உருகி பொருத்திய கம்பியால் சிறிது நேரம் இணைத்துப் பார்க்க வேண்டும். எக்கி ஓடினால் ரிலே பழுது. ஓடாவிடில் எக்கி, அதன் கம்பி, புவியிணைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்

ஃபோர்டு ஊர்திகள் பலவற்றில் மோதலின்போது எக்கியின் மின்சாரத்தைத் துண்டிக்கும் நிலைம ஆளி ஒன்று தனியாக உள்ளது. மஸ்டாங்கில் இது டிக்கியில் அமைந்திருந்தது. பலத்த குலுக்கலாலும் இது துண்டிக்கக்கூடும். இதன் தலையில் உள்ள பொத்தானை அழுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பும். மோதலுக்குப் பின் அழுத்துவதாயின், எரிபொருள் கசிவு இல்லை என்பதை உறுதிசெய்த பின்னரே அழுத்த வேண்டும்.

பாதுகாப்பு

30, 87 துளைகளைக் கம்பியால் இணைப்பது சோதனைக்காக மட்டுமே செய்யத்தக்கது. வழியில் நின்றுவிட்ட ஊர்தியை இவ்வாறு கிளப்பி, அப்படியே விட்டுவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. ஊர்தி நன்றாகவே ஓடுவதால், இதன் தீங்கு உடனே தெரிவதில்லை. ஆனால் அந்த ஊர்தியில் பொறி நின்றால் எக்கியை நிறுத்தும் ஏற்பாடு இல்லாமல் போய்விடுகின்றது. விபத்தில் குழாய் உடைந்தால் எக்கி தொடர்ந்து ஓடித் தீயை வளர்க்கும். ஓட்டுநர் மயங்கிய நிலையில் சாவியை அணைப்பவர் எவரும் இரார். 30 ஆம் முனை மின்கலத்துடன் நேராக இணைந்த ஊர்திகளில் சாவியை அணைத்தாலும் எக்கி நிற்காது. மெல்லிய கம்பியையோ உருகியில்லாத கம்பியையோ பயன்படுத்தினால் கம்பியே சூடாகித் தீப்பற்றக்கூடும்.

எரிபொருள் தொட்டியின் மூடியைத் திறந்து எக்கியின் ஒலியைக் கேட்கும்போது அருகில் தீயோ புகைபிடித்தலோ கூடாது.

ரிலேயின் இடத்தை அறிந்திருப்பது பழுது இல்லாத வேளையிலும் பயன்படும். எரிபொருள் வடிகட்டியையோ குழாயையோ கழற்றுமுன், எக்கி ரிலேயை எடுத்துவிட்டுப் பொறியைக் கிளப்பினால், அது குழாயில் உள்ள பெட்ரோலைத் தீர்த்துவிட்டு நின்றுவிடும். இதனால் அழுத்தம் குறைந்து, குழாயைத் திறக்கும்போது பெட்ரோல் பீய்ச்சுவது பெருமளவு தவிர்க்கப்படும். நேரடி உட்செலுத்தல் பொறிகளின் உயர் அழுத்தப் பகுதிக்கு இம்முறை மட்டும் போதுமானதன்று.

பற்றாசு விரிசல்

ரிலேயின் சுருளும் தொடுமுனைகளும் நன்றாக இருந்தும், உள்ளே உள்ள மின்சுற்றுப் பலகையில் பற்றாசு இட்ட இணைப்புகளில் மெல்லிய வட்ட விரிசல்கள் தோன்றலாம். சூடேறுவதும் குளிர்வதும் மாறிமாறி நிகழ்வதால் இவை உண்டாகின்றன. வெப்பத்தில் விரிசல் அகன்று இணைப்பு அறும். குளிர்ந்தபின் மீண்டும் இணையும். 1980கள், 1990களின் ஹோண்டா முதன்மை ரிலேகளும், வோல்வோ 240 வகையின் எக்கி ரிலேயும் இக்குறைக்குப் பெயர்பெற்றவை. உறையைக் கழற்றி, விரிசல் விழுந்த இணைப்புகளுக்கு மீண்டும் பற்றாசு வைத்துச் சரிசெய்வது உண்டு. ரிலே பழையதாயின் புதியதை இடுவதே நம்பகமானது.

கழற்ற இயலாத ரிலேகள்

சில ஊர்திகளில் ரிலே தனி உறுப்பாக இன்றி, மின்பகிர்வுப் பெட்டியின் உள்ளே பலகையுடன் பற்றாசு இட்டுப் பொருத்தப்பட்டுள்ளது. மூடியைத் திறந்து தேடுவோருக்கு அது கண்ணில் படாது. 2011 ஆம் ஆண்டு வகை ஜீப் கிராண்ட் செரோக்கி, டாட்ஜ் டுராங்கோ ஆகியவற்றில் இவ்வாறு அமைந்த எக்கி ரிலே பழுதாகி, பொறி முன்னறிவிப்பின்றி நிற்கக்கூடும் என்பதால், 2014 இல் ஐக்கிய அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 1,88,000 ஊர்திகள் திரும்ப அழைக்கப்பட்டன. பெட்டிக்கு வெளியே புதிய ரிலே ஒன்றை இணைப்பதே அதற்குத் தீர்வாக அமைந்தது.

அண்மைக்கால ஊர்திகள் பலவற்றில் தனி ரிலேக்கு மாற்றாக எக்கிக் கட்டுப்பாட்டு அலகு பயன்படுகின்றது. அது பொறியின் தேவைக்கேற்ப எக்கியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். இவ்வகையில் 30, 87 துளைகளை இணைத்துச் சோதிக்கும் முறை பொருந்தாது. கண்டறியும் கருவியைக் கட்டுப்பாட்டு அலகுடன் இணைத்து எக்கியை இயக்கிப் பார்க்க வேண்டும். எவ்வகையாயினும், பொறி நின்றால் எக்கியும் நிற்க வேண்டும் என்ற அடிப்படை விதி மாறவில்லை.